சின்ன கேட் வழியாக

சி பிளாக் 402,
மாடம்பாக்கம்.
9.6.2024

அன்புள்ள அண்ணா,

சந்திரிகா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கி எறிந்துவிடாதே. குப்பம்மா மீனைச் சுத்தம் செய்து முடிக்கிற வரைக்குமாவது படி. நான் சுகம். சர்க்கரை கொஞ்சம் கூட, முட்டியில் வலி, மற்றபடி வண்டி ஓடுகிறது. நீயும் அண்ணியும் உன் பையன் தனசேகரும் சுகம் என்று குப்பம்மா சொல்லித் தெரியும். இருந்தாலும் உன் கையால் எழுதித் தெரிந்துகொள்ள ஆசை.

பதினொரு வருஷம் ஆகிறது. கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா என் நாக்கு அழுவிப் போவட்டும்" என்று சத்தியம் செய்தாய். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "உன் வாசப்படி மிதிச்சா என் காலு வெளங்காம போவட்டும்" என்று பதிலுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாம் அந்தக் கிணற்றடி நிலத்துக்காக. என் பங்கை உன்னைக் கேட்காமல் பில்டருக்கு எழுதிக் கொடுத்தேன். அவன் கிணற்றை மூடி நாலு பிளாக் கட்டினான். அதில் ஒன்றில் நானே குடிவந்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு சுவர். என் பால்கனியில் நின்றால் உன் மொட்டை மாடி தெரிகிறது. நீ வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு காலையில் நடப்பது தெரிகிறது. நடை கொஞ்சம் தளர்ந்துவிட்டது அண்ணா.

நேற்று குப்பம்மா கத்தினாள். கோவளத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், உன் வீட்டில் கூடையை இறக்கிவிட்டு, எங்கள் சுவரில் இருக்கிற சின்ன கேட் வழியாக இந்தப் பக்கம் வருகிறாள். "இன்னாம்மா இது பேஜாரா கீது! அவரு கேக்கறாரு, தங்கச்சி இன்னா மீன் வாங்கிச்சின்னு. நீ கேக்கற, அண்ணன் இன்னா வாங்கிச்சின்னு. ரெண்டு பேரும் சங்கராதான் வாங்கினு கீறீங்க. இத்த சொல்றதுக்கு நான் ஒருத்தியா?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பேச மாட்டேன் என்றுதானே சத்தியம். எழுத மாட்டேன் என்று யாரும் கற்பூரம் ஏற்றவில்லையே.

பதில் இருந்தால் குப்பம்மாவிடம் கொடு. இல்லையென்றால் என்ன மீன் வாங்கினாய் என்றாவது சொல்லி அனுப்பு.

உன் தங்கை,
சந்திரிகா


சுவருக்கு இந்தப் பக்கம்,
மாடம்பாக்கம்.
15.6.2024

தங்கச்சி சந்திராவுக்கு துரைராஜ் எழுதுவது.

சுகம். உன் அண்ணி சுகம். மாடு இல்லை, பயிர் இல்லை, வாடகைக்கு விட்ட மூன்று கடைகளும் சுகம். சித்திரையிலிருந்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு கிடக்கிறது. வெந்நீர் குடிக்கிறேன். சர்க்கரை கூட என்கிறாயே, இனிப்பை விடு. நீ விட மாட்டாய்.

உன் கடிதத்தில் ஒரே மீன் வாசனை. சங்கராவுக்கும் வவ்வாலுக்கும் நடுவில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். இனிமேல் பால் கவரில் சுற்றிக் கொடு.

எழுதினால் பேசினதாகாது என்கிறாய். தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டவைத்தவள், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு ஒரு குழப்பம். வாயைத் திறக்காமல்தான் எழுதுகிறேன். உள்ளே என் குரல் கேட்கிறது. உன் கடிதத்தைப் படித்தால் உன் குரல் கேட்கிறது, அதே மூக்கால் பேசுகிற குரல். இது பேச்சு இல்லையென்றால் வேறு என்ன? அம்மன் இதை எதில் சேர்ப்பாள் என்று புரியவில்லை.

ஒரு விஷயம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சின்ன கேட் வழியாக வந்து, நேரே நம் வீட்டுக்குள் நுழைந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து "காபி கொண்டு வா" என்றார்கள். வெளுத்த தலை, நல்ல பட்டுப் புடவை, காலில் செருப்பு இல்லை. உன் அண்ணி காபி கொடுத்தாள், சோறு போட்டாள். "இந்த வீட்டுத் தண்ணி நன்னா இருக்கு" என்று மூன்று சொம்பு குடித்தார்கள். பேரைக் கேட்டால் சிரிப்பு. நாலு மணி நேரம் பார்த்துவிட்டு நான்தான் கேட் வரை அழைத்துப்போய், அந்தப் பக்கம் சுற்றி வந்த வாட்ச்மேனிடம் விட்டேன். ஒரு ஆள் காணாமல் போனால் தேடுகிற வழக்கம் உங்கள் அபார்ட்மென்ட்டில் கிடையாதா?

நான் வாங்கியது நெத்திலி. குப்பம்மா புளுகுகிறாள்.

அண்ணன்,
துரைராஜ்


சி பிளாக் 402
30.6.2024

அன்புள்ள அண்ணா,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? பனங்கற்கண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிய பால் குடி. எனக்கு முட்டி அப்படியேதான். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூக்கால் பேசுகிறேனா நான்? இரு, உனக்கு ஒரு நாள் இருக்கிறது.

அந்த அம்மா யாரென்று தெரியவில்லை. இங்கே நானூறு வீடு. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் இருக்கிறோம். விடிந்தால் ரோஜாப்பூவோடு குட் மார்னிங். லிப்ட் ரிப்பேர் என்று ஒருவர் போட்டால் நாற்பது பேர் கோபமாக ஒரு முகம் போடுவார்கள். அதே லிப்டில் நேரில் நின்றால் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்ன வயசில் நாம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கத்துவோமே, நாம் கத்தினதே திரும்பி வருமே, குரூப்பும் அப்படித்தான் இருக்கிறது. கீழே யாரோ இருந்து பதில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கத்துகிறோம்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். அந்தக் கிணறு இருந்த இடத்தில்தான் எங்கள் பிளாக்கின் லிப்ட் இருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முந்தாநாள் கனவில் லிப்டில் ஏறினேன். அது மேலே போகாமல் கீழேயே போனது. சுற்றிலும் குளிர்ச்சி, பாசி வாசனை. கதவு திறந்தால் தண்ணீர், அசையாமல் பச்சையாக. தண்ணீருக்குள்ளிருந்து எங்கள் நானூறு வீட்டு ஆட்களும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விழித்த பிறகு வெகு நேரம் எழுந்திருக்கவே மனசில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் சார், பேங்க்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர், குரூப்பில் ஒரு வரி போட்டிருக்கிறார். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பின்பக்க கேட்டை நிரந்தரமாக மூட வேண்டும் என்று. ஒரே நாளில் இருநூறு கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அது மூடினால் குப்பம்மா முன்பக்கம் வர இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். தலையில் கூடையோடு நடக்க மாட்டாள், இந்தப் பக்கமே வர மாட்டாள். நம் கடிதமும் அதோடு சரி.

கேட்டே ஆக வேண்டும் அண்ணா, பதினொரு வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. கிணற்று நிலத்தை உன்னிடம் கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாயா?

சந்திரா


சுவருக்கு இந்தப் பக்கம்
21.7.2024

தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பால் குடிக்கிறேன். தொண்டை அப்படியே இருக்கிறது. உன் அண்ணி, "ஊரையே கூவிக் கூவி அழைச்ச தொண்டை, கொஞ்சம் லீவு கேக்குது" என்கிறாள். ஆடிக் கூழுக்கு இந்த வருஷம் என்னை மைக் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உன் கேள்விக்குப் பதில். கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருப்பேன். பிறகு சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கிணறு போனதில்கூட எனக்கு அவ்வளவு இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் குதித்தேன்.

இதை எழுதி முடித்ததும் பேனா நின்றுவிட்டது. வேறொன்று ஞாபகம் வந்தது. அப்பா போன பிறகு நிலத்தைப் பாகம் பிரித்த அன்று, ஊர்ப் பெரிய மனிதர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். இந்த மூலை அவளுக்கு, அந்த மூலை இவனுக்கு என்று பேசினோம். நீ அடுப்படியில் எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தாய். உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போதுதான் "சந்திரா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டோம். கூப்பிட்டது நான்தான்.

உங்கள் குரூப்பைக் குறை சொல்கிறாய். எங்கள் ஊர்க்கூட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? குரல் பெரிதாக இருந்தவன் சொன்னது நின்றது. கடைசி வரிசையில் நின்றவன் தலையாட்டினான். பொம்பளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. என் குரல் பெரிய குரல், அதனால் எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

நேரில் பேசியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று கத்த, அதோடு போயிருக்கும். எழுதும்போது எதிரில் கத்துவதற்கு ஆள் இல்லை. அதனால் நீ சொன்னது காதில் விழுகிறது.

தப்பு என்னுடையதும்தான் சந்திரா.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான் கேட்கிறேன். வாய் பேச முடியாதவர்கள் யாராவது உங்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்தது உண்டா?

துரைராஜ்


சி பிளாக் 402
4.8.2024

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். குப்பம்மா, "மீனு நல்லா இல்லியாம்மா?" என்று பதறிவிட்டாள். உன் உடம்பையும் அண்ணி உடம்பையும் பார்த்துக்கொள். நான் தேறிவிட்டேன்.

வாய் பேச முடியாதவர் என்றில்லை, பேசாமல் போன் செய்தவர் ஒருவர் உண்டு. லாசரஸ் என்று பெயர், சேலையூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பம்பாயில் இருக்கிற மகளுக்கு ட்ரங்க் கால் போடுவார். அந்தக் காலத்தில் மூன்று நிமிஷம்தான் பேச்சு. அதில் ஒரு நிமிஷம் "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்றே போய்விடும். அவர் மனைவி இறந்த அடுத்த ஞாயிறு நான்தான் லைன் கொடுத்தேன். மகள் "அப்பா" என்றாள். அவர் பேசவில்லை. மகளும் பிறகு பேசவில்லை. நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேருடைய மூச்சும் கேட்கிறது. அவர் மூச்சு விட்டால் அவள் மூச்சு பதில் சொல்கிற மாதிரி இருந்தது. மூன்று நிமிஷம் ஆனதும் நான் குறுக்கே போய்ச் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை. பத்து நிமிஷம் விட்டேன். சூப்பர்வைசர் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்.

பேச்சு என்றால் என்ன என்று நீ கேட்கிறாயே, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருவர் போனை வைக்காமல் இருக்க வேண்டும்.

எதற்கு இதைக் கேட்டாய்? பதில் எழுது.

சந்திரா


சி பிளாக் 402
8.9.2024

அன்புள்ள அண்ணா,

ஒரு மாசம் தாண்டிவிட்டது, உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். மொட்டை மாடியில் உன்னைக் காணவில்லை. துணிக்கொடியில் உன் வேட்டி மட்டும் தொங்குகிறது. குப்பம்மாவைக் கேட்டால், "புள்ளகூட காருல எங்கியோ பூட்டு பூட்டு வராரு, எனுக்கு இன்னா தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் பேச்சைக் குறைத்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அப்படியானால் திட்டியாவது எழுது. கேட் விஷயம் ஓட்டுக்குப் போகிறது. அது மூடுகிறதற்குள் ஒரு வரி.

சந்திரா


சுவருக்கு இந்தப் பக்கம்
26.9.2024

சந்திராவுக்கு,

சுகம். அடையாறு பக்கம் கொஞ்சம் அலைச்சல். பத்திர வேலை. தனசேகரோடு போய் வருகிறேன்.

நீ தப்பாக ஒன்றும் எழுதவில்லை. லாசரஸ் கதையை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. மீதியை அவள் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். நல்ல கதை.

ஏரிக்கரைப் பக்கம் சாயங்காலத்தில் போய் உட்காருகிறேன். உங்கள் நாலு பிளாக்கிலும் விளக்குப் போடுவார்கள். தண்ணீரில் நானூறு ஜன்னலும் தலைகீழாக அசையும். அதில் உன் சமையலறை எது என்று எனக்குத் தெரியும். மஞ்சள் பல்பு உன்னுடையது மட்டும்தான். நீ குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், இதை மட்டும் குப்பம்மாவிடம் சொன்னதில்லை.

கேட்டை மூட விடாதே.

துரைராஜ்


சி பிளாக் 402
12.10.2024

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? உன் மஞ்சள் பல்பு வரியைப் படித்ததிலிருந்து அந்தப் பல்பை அணைக்கவே மனசு வரவில்லை. கரண்ட் பில் வந்தால் உனக்கு அனுப்புகிறேன்.

பெரிய செய்தி. குரூப்பில் எழுதி எழுதிச் சலித்துப்போய், நேராக ஸ்ரீநிவாசராகவன் சார் வீட்டுக் கதவையே தட்டிவிட்டேன். சண்டை போடத்தான் போனேன். கதவு திறந்தது. உள்ளே சோபாவில் ஒரு அம்மா, வெளுத்த தலை, பட்டுப் புடவை. என்னைப் பார்த்து, "அந்தாத்துத் தண்ணி கொண்டு வந்தியா?" என்றார்கள். உன் வீட்டுக்கு வந்த அம்மா! பெயர் ரோஹிணி. அவருடைய மனைவி. மூன்று வருஷமாக ஞாபகம் கரைந்துகொண்டே போகிறதாம்.

அந்தப் பெரிய மனிதர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "நாலு மணி நேரம் மேடம். நான் கட்டில் அடியிலெல்லாம் தேடினேன். குரூப்ல போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அவ காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவ. அதனாலதான் போடலை."

நானூறு வீட்டில் அவர் பயம் ஒருவருக்கும் தெரியாது. பாதுகாப்புக் காரணம் என்று எழுதினார், நாங்கள் கட்டைவிரல் போட்டோம். நான் அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. நீ அவர்களுக்குச் சோறு போட்டதைச் சொன்னேன். நம்பவில்லை. யாரோ கடத்திக்கொண்டு போனதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

20ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் கூட்டம். நேரில் கூடுவது இதுதான் முதல் தடவை. நீ வர வேண்டும். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் கதை, நீ சொன்னால் சாட்சி.

சந்திரா


சி பிளாக் 402
21.10.2024

அண்ணா! என் அண்ணா!

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. நேற்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

நீ வர மாட்டாய் என்றே நினைத்தேன். பத்தரை மணிக்கு ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, சின்ன கேட்டைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டியில் நீ வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இவ்வளவு இளைத்தா போனாய்! ஒருவர் எழுந்து, "இவர் ரெசிடெண்ட் இல்லையே, யார் உள்ளே விட்டது?" என்றார். உன் பழைய குரலாக இருந்தால் அந்தக் கூரையே அதிர்ந்திருக்கும். நீ கையைத் தூக்கினாய். கிசுகிசுப்பாகப் பேசினாய். நூறு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. என் கனவில் கிணற்றுக்குள் கேட்டதே, அந்த அமைதி.

"சார், அந்தம்மா எங்க வூட்லதான் ஒக்காந்துகினு இருந்தாங்க. சோறு துன்னாங்க. என் பொண்சாதி தல வாரி வுட்டா. இந்த கேட்டு இல்லாங்காட்டி மெயின் ரோட்டுப் பக்கம் பூட்டிருப்பாங்க. அங்க லாரி போவுது. இந்தப் பக்கம் நாங்க கீறோம்."

ஸ்ரீநிவாசராகவன் சார் எழுந்து வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் தன் மனைவிக்கு என்ன என்று சொன்னார். அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஏ பிளாக் ஜெயஸ்ரீ எழுந்து தன் மாமியாருக்கும் இதேதான் என்றாள். இன்னொருவர் தன் பையன் வாயே திறப்பதில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். கேட்டை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை திறந்திருக்கும், ஒரு ஆள் உட்காருவார் என்று முடிவாகிவிட்டது.

ஆனால் எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். பேசி முடித்துவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய். இருமினாய். பிறகு சொன்னாய்.

"தண்ணி குடு சந்திரா."

பதினொரு வருஷம் கழித்து! கற்பூரச் சத்தியத்தை அப்படி அனாயாசமாக உடைத்துப் போட்டுவிட்டு ஒரு மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டாய். சளிக்குக் கஷாயம் குடி. தீபாவளிக்கு என்ன பலகாரம் வேண்டும் என்று எழுது. இந்தத் தடவை நீ வந்து வாயால் சொன்னாலும் சரி.

சந்திரா


சுவருக்கு இந்தப் பக்கம்
21.10.2024

சந்திராவுக்கு,

இதை வியாழக்கிழமைதான் உன்னிடம் கொடுக்க வேண்டும் என்று குப்பம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளைத் திட்டாதே. ஆடியிலிருந்து அவளுக்குத் தெரியும், நான்தான் வாயைக் கட்டிவைத்தேன்.

பத்திர வேலை என்று எழுதியது பொய். தொண்டையில் கட்டி. நாளைக் காலை ஆபரேஷன். குரல்பெட்டியை எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். குரல் இனி கிடையாது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், பயம். தொண்டை அதற்கு முன்னாலேயே கட்டியதுதான், பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. நாக்கு அழுகட்டும் என்று சொல்லிவிட்டு உனக்குக் கடிதம் எழுதினேனே, அம்மன் அதையும் பேச்சில் சேர்த்துவிட்டாளோ, அதுதான் இப்படிக் கொஞ்சம் கீழே கை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவாய். இரண்டு மாசம் நானே நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை. டாக்டர் ஜாஸ்மின் அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பீடி எத்தனை வருஷம் பெரியவரே?" என்றார். நாற்பது என்றேன். "அப்போ சாமியை விட்டுடுங்க" என்றார்.

இருக்கிற கொஞ்சக் குரலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று யோசித்துத்தான் நேற்று வந்தேன். உன்னிடம் நிறையப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அடுப்படியில் நின்றவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று. கிணறு போனால் போகட்டும் என்று. உன்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தண்ணி குடு என்றுதான் வந்தது. போகட்டும், அதுவும் வீட்டு ஆளிடம் கேட்கிறதுதானே.

கேன் தண்ணீர் கொடுத்தாய். நம் கிணற்றுத் தண்ணீருக்கு உறை போடக் காணாது. இருந்தாலும் தித்தித்தது.

உன் அண்ணன்,
துரைராஜ்


சுவருக்கு இந்தப் பக்கம்
18.11.2024

சந்திராவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கழுத்தில் ஓட்டை, அதற்கு ஒரு துணி. கஞ்சியும் தண்ணீரும் வாயாலேயே இறங்குகின்றன. உன் அண்ணி என்னைத் திட்டுகிறாள், பதில் சொல்ல முடியாது என்கிற தைரியம்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது போதும். ரோஹிணி அம்மாவோடு அந்த சாரும் வந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இவர் ஏன் இன்னிக்குப் பேசலை, கோபமா?" என்றார்கள். எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன், சத்தம்தான் வரவில்லை.

ஒரு யோசனை. தினமும் காலை ஏழு மணிக்கு உனக்குப் போன் போடுகிறேன், எடு. நான் பேச மாட்டேன். நீ பேசு. உங்கள் நானூறு வீட்டுக் கதையெல்லாம் சொல்லு. சரி என்றால் மேசையில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. நீ சொன்ன மாதிரி போனை வைக்காமல் இருப்பேன்.

துரைராஜ்


சி பிளாக் 402
25.11.2024

அன்புள்ள அண்ணா,

ஆறு நாளாக ஏழு மணிக்குப் பேசுகிறோம். உன் உடம்பு எப்படி என்று எழுதிக் கேட்க வேண்டியதில்லை, உன் மூச்சே சொல்லிவிடுகிறது. முதல் நாள் போனை எடுத்ததும் என் வாயில் தன்னால் வந்தது, "பேசுங்க, லைன் கிடைச்சிடுச்சு" என்று. நீ ஒரு தட்டு தட்டினாய்.

முப்பது வருஷம் ஊராரை இணைத்தேன். என் சொந்த அண்ணன் லைனில் இருந்து நான் பேசுவதை இவ்வளவு நேரம் கேட்டது இந்த ஆறு நாளில்தான். நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எனக்கும் இரைந்து பேசத் தோன்றவில்லை. லிப்டில் நேற்று இரண்டு பேரோடு பேசினேன். அவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

இன்று காலை நான் வளவளவென்று பேசி முடித்துவிட்டு, "வெச்சிடட்டுமா அண்ணா?" என்றேன். நீ மூன்று தட்டு தட்டினாய். ஒன்று சரி, இரண்டு இல்லை. மூன்றுக்கு நாம் ஒன்றும் பேசிவைத்துக்கொள்ளவில்லையே என்று போனை வைத்த பிறகும் அந்தத் தட்டு காதிலேயே இருந்தது. பாத்திரம் கழுவும்போது திடீரென்று புரிந்துவிட்டது. அன்றைக்குக் கிளப் ஹவுஸில் நீ மூன்று வார்த்தைதானே சொன்னாய்.

இந்தக் கடிதத்தைக் குப்பம்மாவிடம் முன்னால் அனுப்புகிறேன். பின்னாலேயே நான் வருகிறேன். உன் வாசப்படி மிதித்தால் கால் விளங்காமல் போகட்டும் என்று சொன்னவள்தான். முட்டி ஏற்கனவே போயாச்சு, அம்மன் புதிதாக என்ன செய்துவிடப் போகிறாள்? அண்ணியிடம் சொல், கேன் தண்ணீர் கொண்டுவர மாட்டேன். உன் வீட்டுக்குள் வந்து, உன் பானையிலிருந்து, நானே மொண்டு தருகிறேன்.

சின்ன கேட் திறந்துதான் இருக்கிறது. நீ கதவைத் திறந்து வை.

சந்திரா